திருநீறு உதிர்ந்த சுவர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் காளவாசல் பக்கம் நான் வேலை பார்க்கும் வாடகைக் கடையில், 'கலவை மிஷின் ஒன்று, தண்ணி மோட்டார் ஒன்று' என்று கிழித்துக் கொடுக்கிற சீட்டுகள்தான். ஆனால் சோழவந்தானில் இருக்கும் என் கூட்டாளி இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் சொல்வதைக் கேட்டால் எல்லாவற்றையும் சாதித்தது அவன், நான் மிஷினைத் தூக்கி வந்த சுமைகூலி. வெற்றிலைக் கட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. அதற்காகவே எழுதுகிறேன்.

கூட்டாளிக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். வீட்டில் அவனும் அவன் அம்மாவும். நாங்கள் ஒருவரை ஒருவர் மாப்ள என்று கூப்பிடுவதால் அவன் அம்மா எனக்கு அத்தை. அவனுடைய அக்காவை வாடிப்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அக்கா ஏழாம் மாதமே வந்துவிட்டது. அக்காவுக்காக ஒரு அறையை வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு, தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி கூட மாட்டி வைத்திருந்தார்கள்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்து, அந்த அறைக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்து இரண்டு நாள் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் சேறு தள்ளுவதற்கு நானும் போனேன். புது மெத்தையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும், தூக்கி எறிந்தோம். சுவரெல்லாம் கழுவித் துடைத்தோம். பத்து நாளாயிற்று, வெயிலே இல்லை. இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் கறுத்துக் கிடந்தது. மூலையில் பச்சையாகப் பூசணம் எட்டிப் பார்த்தது. அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கு வலி எடுத்து, மதுரை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சொன்ன தேதிக்கு முன்னாடியே பிறந்துவிட்டதால் எடை குறைவு, பத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்புகிறோம் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாளே அக்காவின் மாமியார் வாடிப்பட்டியிலிருந்து வந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் அது அவருக்கு முதல் பேத்தி. அறைக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார். சுருக்குப் பையைத் திறந்து காகிதப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, சுவரில் தேய்த்தார். திருநீறு சாந்து மாதிரி அப்பிக்கொண்டது. விரலைக் காட்டினார்.

"இதுலயா மதினி பச்சப்புள்ளயப் படுக்க வைக்கப் போறீக?"

"பத்து நாள் கெடக்குல்ல மதினி, காஞ்சுரும்" என்றது அத்தை.

"காஞ்சா சரி. காயலேன்னா ஆஸ்பத்திரியில இருந்து நேரா வாடிப்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். மனசுல வச்சுக்கிறாதீக. புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டுனா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் போன பிறகு அத்தை அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தது. பெற்ற மகளின் தலைப்பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதோ என்கிற பயம். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கூட்டாளிக்குப் போன் போட்டது. "டேய், எனக்கு நம்ம வீட்டுக்குத்தான் வரணும். நீயும் அந்த வாயாடியும் சேந்து ஏதாச்சும் பண்ணுங்கடா."

வாயாடி நான்தான்.

எங்கள் கடையில் மூலையில் ஒரு மிஷின் கிடந்தது. இடுப்பு உயரம், அடியில் சக்கரம், முன்னால் ஒரு வாளி. ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் லென்ஸில் பூசணம் பிடிக்கிறது என்று வாங்கி, கடையை மூடியபோது எங்கள் முதலாளியிடம் தள்ளிவிட்டுப் போனது. அறையில் இருக்கிற காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராக வாளியில் விடும். யாரும் அதை வாடகைக்குக் கேட்டதில்லை. முதலாளி அதன் தலையில்தான் டீ கிளாஸ் வைப்பார்.

"அண்ணே, அத ஒரு பத்து நாள் கொண்டு போறேன்" என்றேன்.

"எத? என் டீ ஸ்டாண்டையா? கொண்டு போய்த் தொலை. உசுரோட திருப்பிக் கொண்டா."

அதன் கூட வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. போன் கேமராவைக் காட்டினால் தமிழில் மாற்றிச் சொல்லும். தப்பும் தவறுமாகத்தான் சொல்லும், ஆனால் என் பள்ளிக்கூட நோட்டை விடப் பரவாயில்லை. இரண்டு தடவை முழுதாகப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அதுதான்.

குட்டியானை வண்டியில் ஏற்றிப் போனோம். டிரைவர் அதைப் படுக்கப் போட்டுவிட்டான், நான் முன்னால் உட்கார்ந்திருந்ததால் பார்க்கவில்லை. இறக்கியதும் கூட்டாளி பிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் பிடுங்கினேன்.

"இன்னைக்குப் போடக் கூடாது. நிமித்தி வச்சிரு, நாளைக்குப் பாப்போம்."

"ஏன்டா, பிரயாணக் களைப்பா அதுக்கு?"

"உள்ள கம்ப்ரசர்ல எண்ணெய் இருக்கு. படுக்கப் போட்டதுல எடம் மாறியிருக்கும். அது எறங்கணும். அது களைப்பு ஆறட்டும்டா. வேலையே பாக்காததால களைப்பே வராத உன்னைய மாதிரி ஆளா அது?"

அந்த ஒரு நாளும் வீணாகவில்லை. அறையின் பிளக் பாயின்ட் தாழ்வாக இருந்தது, அதற்குள் வெள்ளத்தண்ணீர் போயிருந்தது. ஊர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றிப் புதிதாக மாற்றச் சொன்னேன். எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். கூட்டாளி தெருக்கோடி வரைக்கும் நீளுகிற ஒரு ஒல்லி ஒயரைக் கொண்டு வந்து, ஹாலில் இருந்து இழுத்துக்கலாம் என்றான். கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு போடுகிற ஒயர். இந்த மிஷின் நாள் பூரா ஓடும், அது சூடாகி உருகிவிடும் என்று தூரப் போட்டேன். மூலையில் இருந்த பூசணத்தை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்த்துக் கழுவினோம்.

மறுநாள் மிஷினை அறைக்கு நடுவில் வைத்தேன். சுவரோடு ஒட்டி வைத்தால் அதற்கு மூச்சு முட்டும். ஜன்னலைச் சாத்தினேன், கதவைச் சாத்தினேன். அத்தைக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"ஈரம் காயணும்னா காத்து வரணும்ல. நீ என்ன எல்லாத்தையும் மூடுற?"

"வெயில் அடிச்சா நீங்க சொல்றது சரி அத்தை. இப்ப வெளிய இருக்குற காத்தே நனஞ்ச துண்டு மாதிரி இருக்கு. தொறந்து வச்சா மிஷினு சோழவந்தான் வானத்தைத்தான் காயப்போடும். ஐஸ்ல வச்ச கலர் பாட்டில வெளிய எடுத்தா மேல தண்ணி கோர்க்கும்ல? அதேதான் இதுக்குள்ள நடக்குது."

பகலில் அத்தை வீட்டில் இருக்கும்போது மட்டும் ஓட வேண்டும், எல்லோரும் வெளியே போனாலோ படுக்கப் போனாலோ நிறுத்திவிட வேண்டும், ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது, வாளி நிரம்பினால் அதுவே நின்றுவிடும், பயப்பட வேண்டாம் என்று எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் கடை முடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

முதல் நாளே வாளி மூன்று தடவை நிரம்பியது. இரண்டாம் நாளும் அப்படியே. தெருவே வந்து பார்த்தது. சுவருக்குள் இம்புட்டுத் தண்ணியா என்று ஒரு பெரியவர் வாளியைச் சுற்றி வந்தார். நான் வாளியோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன், மீன் பிடித்தவன் மீனோடு நிற்பது மாதிரி. அத்தை தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தது.

"பளிங்கு மாதிரி இருக்கே. கொதிக்க வச்சுப் புள்ளையக் குளிப்பாட்ட வச்சுக்கிறவா?"

"வேணாம் அத்தை. பாக்கத்தான் பளிங்கு. ரூம்ல இருக்குற தூசி, பூசணம், மிஷினுக்குள்ள இருக்குற அழுக்கு எல்லாம் அதுல இருக்கு. வாழைக்கு ஊத்துங்க."

நான்காம் நாள் ராத்திரி, மிஷினை நிறுத்திய பிறகு, ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டச் சொன்னேன். சுவர் காய்ந்திருந்தால் காலையில் தாள் அப்படியே இருக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. காலையிலேயே வந்து, தெருவில் இரண்டு பேரைச் சாட்சிக்கு வேறு கூப்பிட்டுக்கொண்டு போய்த் தாளைப் பிரித்தேன்.

உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

சாட்சிகள் இருவரும் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அத்தை அடுப்படிக்குப் போய்விட்டது. அது திட்டியிருந்தால் தேவலை. மிச்சம் ஐந்து நாள். இம்புட்டுத் தண்ணீரை எடுத்த பிறகும் சுவர் ஏன் நனைந்திருக்கிறது என்று புரியாமல் அறைக்கு நடுவில் நின்றேன். வாளி வாளியாக வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? அப்போதுதான் மூக்கில் ஒரு வாசம் அடித்தது.

"மாப்ள, ரூமுக்குள்ள யாரு வெத்தல போட்டது?"

"யாரும் போடலையே" என்றான் கூட்டாளி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாசம் வருது."

"கொடிக்கால்காரன் வீட்ல வெத்தல வாசம் வராம பிரியாணி வாசமாடா வரும்?"

கட்டிலில் ஒரு போர்வை தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. மெத்தையே இல்லாத கட்டிலுக்குப் போர்வை எதற்கு என்று நான்கு நாளாக எனக்குத் தோன்றவில்லை. நான் பார்த்ததெல்லாம் வாளியை மட்டும்தான். குனிந்து போர்வையைத் தூக்கினேன். ஏழு வெற்றிலைக் கட்டுகள், வாழைப்பட்டையில் சுற்றி, மேலே தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்த சாக்கு போர்த்தி, தூங்குகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக.

"இது என்னடா?"

"கட்டு."

"கட்டுன்னு தெரியுது. இங்க எதுக்குடா படுத்திருக்கு?"

"வெத்தல வைக்கிற சாய்ப்புக் கொட்டகை மழையில விழுந்துருச்சுல்ல. காலைல மார்க்கெட்டுக்கு அனுப்புற வரைக்கும் எங்க வைக்க? நீதான் ஏசி கொண்டாந்திருக்கயே, குளுகுளுன்னு இருக்கும்னு உள்ள தள்ளினேன்."

"ஏசின்னு எவன்டா சொன்னான்?"

"தண்ணி சொட்டுதுல்ல. பேங்க்ல ஏசிக்குப் பின்னாடி இப்படித்தான் சொட்டும்."

ஒரு கட்டைப் பிரித்தோம். முந்தின நாள் பறித்த வெற்றிலை, கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் தாம்பாளத்தில் கிடப்பது மாதிரி ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. மிஷின் வெளியே விடுவது வெக்கைக் காற்று. அறை குளிரவே குளிராது.

"நானும் மணிக்கொரு தரம் தண்ணி தெளிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஏன் வாடுதுன்னே தெரியல" என்றான்.

"நீ தெளிக்கிற, அது குடிக்குது. மறுபடி நீ தெளிக்கிற, மறுபடி அது குடிக்குது. நாலு நாளா நீயும் மிஷினும் பந்து வெளயாண்டிருக்கீக. சுவர் உக்காந்து வேடிக்கை பாத்திருக்கு."

அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தது. "அப்ப அந்த வாளித் தண்ணி?"

"கொடிக்கால் தண்ணி அத்தை. உங்க மகன் ஊத்துனது."

அத்தை கையில் இருந்த கரண்டியோடு வந்தது. கூட்டாளி கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாடிப்படிக்கு அடியில் காற்று வரும் இடத்தில் வைத்து, அன்றைக்குப் பூரா அந்தப் பக்கமே வரவில்லை. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், ஆனால் பாதி குற்றம் என்னுடையது. ஈரமான சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதை மட்டும் நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

நானும் அத்தையும் அறையைத் துடைத்தோம். ஈரப் போர்வை, சாக்கு, கால்மிதி எல்லாம் வெளியே. மிஷினின் பின்பக்க வலையைக் கழற்றினால் கம்பளி மாதிரி தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். மறுபடி ஓட்டினோம்.

திங்கட்கிழமை வாளி ஒன்றரைதான் நிரம்பியது. செவ்வாய்க்கிழமை ஒன்று. புதன்கிழமை பாதி. கூட்டாளி போன் போட்டான்.

"மாப்ள, மிஷினு ரிப்பேரு. தண்ணியே விட மாட்டேங்குது."

"இப்பத்தான்டா வேலை செய்யுது. வாளி கொறஞ்சா ரூம்ல ஈரம் கொறஞ்சிருக்குன்னு அர்த்தம். நீ போய் வெத்தலைக்கு விசிறி விடு."

அவனுக்குச் சொன்னேன், அத்தைக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது அத்தை ஒரு மண்சட்டி நிறைய கங்கு அள்ளிக்கொண்டு அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. மிஷின் கைவிட்டுவிட்டது, நாளைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ராத்திரிக்குள் கங்கு வைத்தாவது காயவைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறது. நான் வாசலை மறித்து நின்றேன்.

"தள்ளுப்பா. நாங்கெல்லாம் கங்கு போட்ட வீட்லதான் வளந்தோம்."

"கதவத் தொறந்து போட்டு வளந்தீக அத்தை. பூட்டுன ரூம்ல கங்கு போட்டா உள்ள இருக்குற காத்து வெஷமாயிரும். வாசம் கூட வராது, ஆளச் சாச்சுரும். புள்ளை வரப்போற ரூமு இது."

சட்டியை வாங்கி முற்றத்தில் வைத்தேன். அத்தை "காஞ்சிருமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டது. மிஷினை நிறுத்தி, பாலிதீன் தாளை எடுத்து, அத்தை கையாலேயே சுவரில் ஒட்ட வைத்தேன். இந்தத் தடவை சாட்சிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அன்றைக்கு ஹாலிலேயே படுத்துக்கொண்டேன். விடிந்ததும் மூன்று பேரும் அறைக்குள் போனோம். அத்தை டேப்பை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தது. தாளைத் திருப்பியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. ஒரு சொட்டு இல்லை. கூட்டாளி தாளை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்றான். அப்பளத்தைச் சொல்வது மாதிரி.

ஒன்பது மணிக்கு வாடிப்பட்டி அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார், காயவில்லை என்றால் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். அறைக்குள் போனார். மூக்கை உறிஞ்சினார். சுருக்குப் பையைத் திறந்தார். சுவரில் திருநீற்றைத் தேய்த்தார்.

பொலபொலவென்று உதிர்ந்தது.

அவர் விடவில்லை. குனிந்து தரையோரம் தேய்த்தார். உதிர்ந்தது. கதவை விலக்கி அதற்குப் பின்னால் இருந்த மூலையில், பூசணம் எட்டிப் பார்த்த அதே மூலையில், கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். அதுவும் உதிர்ந்து அவர் காலில் விழுந்தது. மிச்சம் இருந்ததைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். நிமிர்ந்து உத்தரத்துக் கொக்கியைப் பார்த்தார்.

"மதினி, தூளி கட்ட என்ன சேலை எடுத்து வச்சிருக்கீக? பருத்தியா இருக்கணும், பாத்துக்கங்க."

அத்தை அடுப்படிக்கு ஓடியது. இந்தத் தடவை காபி போட.

வாடிப்பட்டி அம்மா என் பக்கம் திரும்பினார். "இந்த மிஷினு நீ கொண்டாந்ததாப்பா? வாடிப்பட்டியில எங்க வீட்டு நெல்லு குடோனும் நனஞ்சு கெடக்கு."

"கொண்டு வாரேம்மா. ஆனா உள்ள வெத்தலக் கட்டு இருக்கக் கூடாது" என்றேன். கூட்டாளி என் காலை மிதித்தான்.

மத்தியானம் அக்கா குழந்தையோடு வந்து இறங்கியது. ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். அக்கா அறை வாசலில் நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "வாயாடி, பரவாயில்லடா" என்றது. எனக்கு ஸ்டேட்டஸ் வைக்கத் தோன்றவில்லை. சுவரின் உள்ளுக்குள் இருக்கும் ஈரம் முழுதாகப் போக இன்னும் நாள் ஆகும், அதனால் பகலில் குழந்தையை ஹாலுக்குத் தூக்கிப் போய்விட்டுத் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள் என்று சொல்லி மிஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். முதலாளி இப்போது டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக் கூட்டாளிக்கு அனுப்பினேன். அவன் படித்துவிட்டான் என்று போனில் தெரிந்ததும் பொறுக்க முடியாமல் கூப்பிட்டேன். "படிச்சியாடா? இப்பச் சொல்லு, ஜெயிச்சது யாரு?" என்று கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"மெதுவாப் பேசு மாப்ள, மருமக தூங்குறா."